ரெண்டு சீதா, ரெண்டு உல்டா

மெட்ராஸ்ல மே மாசம் ஸ்வெட்டர் பின்னற ஆளை யாராவது பாத்திருக்கீங்களா? பாக்கலைன்னா ஒரு நடை எங்க வீட்டுக்கு வாங்க. ஃபேன் அஞ்சுல ஓடும், மடியில கம்பளி நூல் கிடக்கும், நெத்தியில வேர்வை ஊத்தும். கூரியர் கொடுக்க வர்ற பையன் ரொம்ப நாளா ஒரு மாதிரியாவே பாத்துட்டுப் போயிட்டிருந்தான். ஒருநாள் தாங்க முடியாம கேட்டே விட்டான்.

"அக்கா, இது யாருக்கு?"

கனடால இருக்கற அண்ணன் பேத்திக்குன்னு சொன்னதும்தான் அவன் முகத்துல ஒரு நிம்மதி :-)

இந்த வியாதி எனக்கு அம்மாகிட்டேர்ந்து வந்தது. அம்மாவுக்கு டெல்லிகிட்டேர்ந்து வந்தது. இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன், பொறுத்துக்குங்க மக்களே.

அப்பாவுக்கு டெல்லியில சென்ட்ரல் கவர்ன்மெண்ட் உத்தியோகம். சரோஜினி நகர் பக்கம் குவார்ட்டர்ஸ். தஞ்சாவூர் ஜில்லாவுலேர்ந்து கல்யாணமாகி வந்த அம்மாவுக்கு முதல் டிசம்பர்லயே பல்லு கிடுகிடுத்துப் போச்சாம். மேல் வீட்டு சர்தார்ணி ஆண்ட்டிதான் பாவம் பாத்து ரெண்டு ஊசியும் ஒரு உருண்டை நூலும் கொடுத்து உக்கார வெச்சாங்க. நேர்ப்பின்னலுக்கு ஹிந்தியில 'சீதா', திருப்பிப் போடறதுக்கு 'உல்டா'. அம்மாவுக்கு அப்ப ஹிந்தி அவ்வளவாத் தெரியாது. ராத்திரி லைட்டை அணைச்சப்புறம்கூட "ரெண்டு சீதா, ரெண்டு உல்டா"ன்னு முணுமுணுத்துக்கிட்டே இருப்பாளாம். "சீதை சரி, ராமர் எங்கடி?"ன்னு அப்பா கேட்டது எங்க குடும்பத்து நிரந்தர ஜோக்.

அந்தக் கால டெல்லியைப் பாத்தவங்களுக்குத் தெரியும். குளிர்காலம் வந்தா ஊரே பின்னும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ் வாசல் புல்தரையில வெயில் காஞ்சுக்கிட்டு பின்னுவாங்க. டி.டி.சி. பஸ்ல கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டே பின்னுவாங்க. புத்தகத்தைப் பாத்துப் பின்னினவங்களை எங்க காலனில நான் பாத்ததே இல்லை. டிசைன் எல்லாம் ஒரு முதுகுலேர்ந்து இன்னொரு முதுகுக்குத்தான் போகும்.

அம்மா இதுல கில்லாடி. பஸ் ஸ்டாப்ல முன்னாடி நிக்கற அம்மாவோட கார்டிகன்ல ஒரு நல்ல டிசைன் கண்ணுல பட்டுடுச்சுன்னா போதும், அம்மாவோட கட்டைவிரல் மத்த விரல் கணுக்கள்ல எண்ண ஆரம்பிச்சுடும். உதடு அசையும். எங்க டிசைன் ஆரம்பிச்சு எங்க திரும்ப வருதுன்னு முதல்ல குறுக்கே பாக்கணும். அப்புறம் கீழேர்ந்து மேல எத்தனை வரிசைக்கு ஒருதரம் திரும்பறதுன்னு பாக்கணும். அவ்வளவுதான் சூத்திரம். அதுக்குள்ள பஸ் வந்துடும். அம்மா ஏறமாட்டா. அந்தம்மா ஏறலையே!

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை 'நமூனா', அதாவது சாம்பிள். அம்மா சாம்பிளைத் தனித்தனித் துண்டா பின்னலை. முடிச்ச இடத்துலேர்ந்தே அடுத்த டிசைனை ஆரம்பிப்பா. நடுவுல நாலு வரிசை வேற கலர் நூல். அப்படியே வளந்து வளந்து, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைஞ்ச அகலத்துல, ரெண்டு ஆள் நீளத்துக்கு ஒரு பட்டை ஆயிடுச்சு. மொத்தம் 43 டிசைன். இதுதான் எங்கம்மாவோட புத்தகம். ஒரு எழுத்து கிடையாது.

இப்ப கதைக்கு வர்றேன்.

1982 டிசம்பர். ஏஷியாட் முடிஞ்சு ஊர் கொஞ்சம் அடங்கின நேரம். எனக்கு 13 வயசு. பஸ் ஸ்டாப்ல மெரூன் கார்டிகன் போட்ட ஒரு அம்மா. முதுகு முழுக்க அலை அலையா ஒரு டிசைன். எங்கம்மா ரெண்டு பஸ்ஸை விட்டா. எனக்கு மானம் போச்சு. "வாம்மா, எல்லாரும் பாக்கறாங்க"ன்னு புடவையைப் பிடிச்சு இழுத்தேன். "இருடி, நாலே நாலு வரிசைதான். அதுலயும் வித்தை எல்லாம் ஒரே ஒரு வரிசைலதான்!"னு அம்மா கண்ணெல்லாம் மின்ன சொன்னது இன்னிக்கும் ஞாபகம் இருக்கு.

அந்த வித்தையைச் சொல்லிடறேன். 18 கண்ணி எடுத்துக்குங்க. முதல் ஆறை ரெண்டு ரெண்டா சேர்த்துப் பின்னி மூணாக்கணும். நடு ஆறுல ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஊசியில நூலை ஒரு சுத்து சுத்தி அதைப் பன்னெண்டாக்கணும். கடைசி ஆறை மறுபடி மூணு. 3+12+3=18. வரவும் செலவும் சரியாப் போச்சு. ஒரு பக்கம் சேர்க்கறதால துணி இழுபடும், இன்னொரு பக்கம் கூட்டறதால விரியும். இழுத்து இழுத்து அதுவே அலையாயிடும். மத்த மூணு வரிசையும் சும்மா சாதா வரிசைதான்.

அந்த வருஷம் ஸ்கூல்ல கைவேலைக்கு மார்க் உண்டு. ஒரு பின்னல் சாம்பிள் செஞ்சு, அட்டையில ஒட்டி, டிசைன் எங்கேர்ந்து கிடைச்சதுன்னு எழுதித் தரணும். நான் அம்மாவோட அலையைப் பின்னினேன். கீழ என்ன எழுதினேன் தெரியுமா? 'என் சொந்தக் கற்பனை'.

ஹி ஹின்னு சிரிச்சுட்டுப் போகற விஷயமா இருந்தா நான் இதை எழுதவே மாட்டேன். என் பெஞ்சுக்குப் பின் பெஞ்ச்ல இருந்த பொண்ணும் அதே அலையைப் பின்னிட்டு வந்திருந்தா. அவ அட்டையில 'என் நானி சொல்லித் தந்தது'ன்னு எழுதியிருந்தா. டீச்சர் ரெண்டு அட்டையையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சு கிளாசுக்கே காட்டினாங்க. எனக்கு முட்டை.

வீட்டுக்கு வந்து நான் அழலை. கத்தினேன். சர்தார்ணி ஆண்ட்டி உக்காந்திருக்கறப்பவே, "நீ பஸ் ஸ்டாப்ல திருடிட்டு வர்றே, எனக்கு ஸ்கூல்ல அவமானம்"னு அம்மாவைப் பாத்து, ஆண்ட்டிக்கும் புரியணும்னு ஹிந்தியில கத்தினேன். சொந்தக் கற்பனைன்னு எழுதினதை மட்டும் சொல்லலை.

அம்மா ஒண்ணும் பேசலை. ஆனா அந்தப் பட்டை அந்த அலையோட நின்னு போச்சு. 43-ஆவது டிசைன் அது. 44 வரவே இல்லை. அப்புறமும் அம்மா எங்களுக்கெல்லாம் ஸ்வெட்டர் பின்னினா, பழைய டிசைன்லயே. பஸ் ஸ்டாப்ல ரோட்டைப் பாத்துக்கிட்டு நின்னா.

*

1998-ல ஒரு கல்யாணத்துக்காக டெல்லி போனேன். தரியாகஞ்ச்ல அப்ப ஞாயித்துக்கிழமை நடைபாதைப் புத்தகக் கடைகள் இருக்கும் (2019-லதான் அங்கேர்ந்து மகிளா ஹாட்டுக்கு மாத்தினாங்க). அங்க அட்டை கிழிஞ்ச ஒரு தடிப் புத்தகம் கிடைச்சது. பார்பரா வாக்கர்ங்கற அமெரிக்க அம்மா 1968-ல போட்ட பின்னல் டிசைன் தொகுப்பு. 500 டிசைனுக்கு மேல. நின்ன இடத்துலயே புரட்டறேன்... அங்க இருக்கு எங்க அலை! அதே 18 கண்ணி, அதே நாலு வரிசை, அதே ஒரே ஒரு வித்தை வரிசை. ஸ்காட்லாந்துக்கும் வடக்கே கடலுக்கு நடுவுல இருக்கற ஷெட்லாண்ட் தீவுகளோட பழைய டிசைனாம். ஷெட்லாண்ட் எங்கே, சரோஜினி நகர் எங்கே!

அந்த மெரூன் கார்டிகன் அம்மாவும் எந்த முதுகைப் பாத்தாங்களோ. பின் பெஞ்ச் பொண்ணோட நானி எந்த முதுகைப் பாத்தாங்களோ.

அன்னிலேர்ந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடிச்சுது. பின்னல் புத்தகம் எது கிடைச்சாலும் டிசைனுக்கு முன்னாடி முன்னுரையைத்தான் படிப்பேன். இவங்களுக்கெல்லாம் ஐடியா எங்கேர்ந்து வருது? எழுதினவங்க அதை ஒத்துக்கறாங்களா? (ஒரு திருடிக்கு இன்னொரு திருடி மேல வர்ற அக்கறைன்னு வெச்சுக்குங்களேன்.)

படிக்கப் படிக்க ஆச்சரியமா இருந்தது. பார்பரா வாக்கரோட முதல் புத்தகம் பெரும்பாலும் சேகரிச்சதுதான். அந்த நாட்டுது, இந்தத் தீவுதுன்னு அங்கங்க சொல்லியிருக்காங்க. அப்படி நூத்துக்கணக்குல அடுத்தவங்க டிசைனைப் பின்னிப் பாத்ததுக்கு அப்புறம்தான், பின்னாடி வந்த புத்தகங்கள்ல அவங்களோட சொந்த டிசைன்கள் நிறைய வருது.

கிளாடிஸ் தாம்ப்சன்னு இங்கிலாந்துல ஒரு அம்மா. 1955-ல அவங்க புத்தகம் வந்தது. கடலோர மீனவர்கள் போடற கருநீல ஜெர்சியில நெஞ்சு முழுக்க ஏணி, கயிறு, வைரக்கட்டம்னு டிசைன் இருக்கும். அதை எல்லாம் பின்னினவங்க மீனவக் குடும்பத்துப் பெண்கள். யாரும் எழுதி வைக்கலை. இந்த அம்மா ஊர் ஊரா போய், மீனவங்க போட்டிருக்கற ஜெர்சியைப் பாத்து, கண்ணியை எண்ணி, குறிப்பெடுத்து, எந்த ஊர் டிசைன்னு ஊர்ப் பேரோட புத்தகமாப் போட்டாங்க. இதைப் படிச்சப்ப எனக்குத் தொண்டை அடைச்சுது. அடுத்தவர் முதுகுக்குப் பின்னாடி நின்னு விரல் விட்டு எண்ணற வேலை. அவங்க செஞ்சா ஆராய்ச்சி, எங்கம்மா செஞ்சா திருட்டா?

பின்னலை விட்டு வெளியில தேடினவங்களும் உண்டு. கேஃப் ஃபாசெட்னு ஒருத்தர், 1937-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல பிறந்தவர். ஓவியரா இருந்தவர் 1964-ல லண்டன் வந்தார். ஸ்காட்லாந்துல ஒரு மில்லுல கலர் கலரா 20 நூல் வாங்கிட்டு, பின்னத் தெரியாம, திரும்பற ரயில்ல கூட வந்த ஒரு அம்மாகிட்ட கத்துக்கிட்டார்னா பாருங்களேன்! 1985-ல வந்த அவரோட புத்தகத்தைத் திறந்தா ஸ்வெட்டருக்குப் பக்கத்துல கம்பளம், பூ ஜாடி, தரை ஓடு, கல் சுவர்னு படம் இருக்கும். 'இதோ, இங்கேர்ந்துதான் எடுத்தேன்'னு விரலை நீட்டிக் காட்டற மாதிரி. லூயிஸ் தீவுல பிறந்த ஆலிஸ் ஸ்டார்மோர் தன்னோட தீவுக் கடலையும் பறவையையும் பாத்து நூலுக்கே கலர் பிடிச்சவங்க. ஒரு நீலம்னு நாம நினைக்கற நூல்ல பல கலர் பஞ்சு கலந்திருக்கும். கடலை உத்துப் பாத்தா அப்படித்தானே இருக்கு.

எலிசபெத் சிம்மர்மன்னு ஒரு பாட்டிக்கு ஐடியா பள்ளிக்கூடக் கணக்குலேர்ந்து வந்தது. வட்டத்தோட ஆரம் இரட்டிச்சா சுற்றளவும் இரட்டிக்கும் இல்லையா? அதை வெச்சே ஒரு வட்ட சால்வை. 9 கண்ணியில ஆரம்பிச்சு 18, 36, 72, 144-ன்னு இரட்டிச்சுக்கிட்டே போகணும். ஒவ்வொரு தடவை இரட்டிச்சதுக்கு அப்புறமும் சும்மா பின்ன வேண்டிய வரிசை 3, 6, 12, 24-ன்னு அதுவும் இரட்டிக்கும். நடுவுல வேற கணக்கே கிடையாது. 1974-ல வந்த அவங்க புத்தகத்துல இருக்கு. எட்டாங் கிளாஸ்ல இந்தக் கணக்குல கோட்டை விட்டவ நான், இப்ப மூணு சால்வை முடிச்சுட்டேன் :-)

எல்லா ஊத்தும் நிஜ ஊத்து இல்லைங்கறதையும் சொல்லணும். அயர்லாந்தோட அரன் தீவு ஸ்வெட்டர் பத்தி ஒரு கதை கேள்விப்பட்டிருப்பீங்க. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு டிசைன், கடல்ல செத்துக் கரையொதுங்கினா ஸ்வெட்டரை வெச்சே எந்தக் குடும்பம்னு சொல்லிடுவாங்கன்னு. ஜான் சிங் எழுதின ஒரு நாடகம் 1904-ல மேடையேறிச்சு. அதுல கடல்ல போன அண்ணனோட காலுறையில, தான் விட்ட கண்ணியை எண்ணித் தங்கச்சி அடையாளம் கண்டுக்குவா. சாதாக் காலுறை. குடும்ப டிசைன்லாம் ஒண்ணும் இல்லை. அப்புறம் ஹெய்ன்ஸ் கீவேன்னு ஆக்ஸ்ஃபோர்டுல நூல் கடை வெச்சிருந்தவர் ஒருத்தர், 1967-ல வந்த தன் புத்தகத்துல இந்த டிசைனை எல்லாம் ஆயிரம் வருஷத்துப் பழமைக்குக் கொண்டு போய்க் கட்டினார். லெஸ்டர் நகரத்து பிஷப்பா இருந்துக்கிட்டே பின்னல் பின்னின ரிச்சர்ட் ரட், 1987-ல எழுதின வரலாற்றுப் புத்தகத்துல இந்தக் கட்டுக்கதையைப் பிரிச்சுப் போட்டார். இன்னிக்கு நாம அரன்னு சொல்ற அந்தக் கனமான ஸ்வெட்டர் 20-ஆம் நூற்றாண்டுச் சரக்குதான்.

எனக்கு என்ன தோணிச்சுன்னா, ஒரு பொண்ணு தன் கையால விட்ட ஒரு கண்ணியை ஞாபகம் வெச்சிருக்கறதே எவ்வளவு பெரிய கதை! அது போதாதுன்னு எதுக்கு ஆயிரம் வருஷம்? 'சொந்தக் கற்பனை'ன்னு நான் எழுதின மாதிரிதான் இதுவும். எங்கேர்ந்து வந்ததுங்கற உண்மை ரொம்பச் சாதாரணமா இருக்கேன்னு கூச்சப்பட்டு எழுதற பொய்.

அந்த சிம்மர்மன் பாட்டி இதுல கெட்டிக்காரங்க. தான் புதுசாக் கண்டுபிடிச்சேன்னு மார் தட்டிக்கலை. உலகத்துல எந்த மூலையிலயாவது எவளாவது முன்னாடியே இதைப் பண்ணியிருப்பா, நான் தோண்டி எடுத்திருக்கேன், அவ்வளவுதான்னு சொல்லி, அதுக்குன்னே இங்கிலீஷ்ல ஒரு புது வார்த்தையை உண்டாக்கி வெச்சுக்கிட்டாங்க.

*

அம்மாவுக்கு இப்ப எண்பதை நெருங்கிட்டுது. என்னோடதான் இருக்கா. விழித்திரையில கோளாறு, நேர்ப்பார்வை போயிடுச்சு. ஓரத்துல மட்டும் கொஞ்சம் தெரியும். போன மாசம் பரண்லேர்ந்து அந்தப் பட்டையை எடுத்து அம்மா மடியில போட்டேன். பாச்சை உருண்டை வாசனையோட.

அம்மா விரலால தடவினா. வேற கலர் நூல் வர்ற இடத்துல ஒரு மேடு தட்டுப்படுமே, அங்க நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பிச்சா.

"இது சர்தார்ணி மாமியார் பின்னினது... இது உங்கப்பா ஆபீஸ் டைப்பிஸ்ட். கேரளாக்காரி... இது ஆஸ்பத்திரி க்யூல முன்னாடி நின்னவ. பச்சை ஸ்வெட்டர்... இது ஜி.டி. எக்ஸ்பிரஸ்டி. எதிர் சீட்ல மராத்திக்காரி. போபால்ல கண்ணுல பட்டுது, நாக்பூர் வரதுக்குள்ள முடிச்சுட்டேன்."

நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சேன். ஒண்ணுக்குக்கூட அம்மா 'நான்'னு சொல்லலை. நாப்பத்தி மூணு டிசைனும் யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு மனசுக்குள்ள முகவரி வெச்சிருக்கா. ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் 19-ஆம் நூற்றாண்டுப் பெண்கள் இதே மாதிரி நீளப் பட்டையா டிசைன் பின்னி வெச்சதெல்லாம் இப்ப மியூசியத்துல இருக்கு. எங்கம்மாவோடது பரண்ல இருந்தது, அதுதான் வித்தியாசம்.

கடைசி டிசைனுக்கு விரல் வந்தது. அலை.

இதுக்கு மேல தள்ளிப்போட முடியாதுன்னு சொல்லிட்டேன். அட்டையில நான் எழுதினது, பின் பெஞ்ச் பொண்ணு, முட்டை, எல்லாம். நாப்பது வருஷம் கழிச்சு. சொல்லி முடிச்சப்ப என் குரலே எனக்கு அந்த 13 வயசுக் குரல் மாதிரிக் கேட்டுது.

"தெரியுமேடி"ன்னா அம்மா.

"எப்படி?"

"உங்க டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாளே. அட்டையைக் காமிச்சா. தப்பு என் மேலதான், யார்கிட்டேர்ந்து எடுத்ததுன்னு எழுதணும்னு பொண்ணுக்கு நான் சொல்லித் தரலைன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அப்புறம் ஏம்மா புது டிசைன் எதுவும் எடுக்கலை?"

"எடுத்துண்டு வந்து என்ன பண்றது? உனக்குப் பிடிக்கலையே."

அவ்வளவுதான் சொன்னா. கோவமும் இல்லை, வருத்தமும் இல்லை. எனக்குத்தான் நோட்டுல எழுதினது கொஞ்ச நேரம் தெரியலை.

நோட்டுல 43-க்கு நேரா இப்படி எழுதியிருக்கேன்: 'சரோஜினி நகர் பஸ் ஸ்டாப், 1982 டிசம்பர், மெரூன் கார்டிகன் போட்ட அம்மா. அதுக்கு முன்னாடி ஷெட்லாண்ட். எண்ணி எடுத்தது அம்மா.' கனடா பேத்தியோட ஸ்வெட்டரும் இந்த அலைலதான். பார்சலோட ஒரு அட்டையில இதே மூணு வரியும் போகப் போகுது.

நேத்து சாயங்காலம் முதுகுப் பக்கம் முடிஞ்சுதுன்னு அம்மா மடியில போட்டேன். கொஞ்சம் பெருமையாவேதான். அம்மா கீழேர்ந்து தடவிக்கிட்டே வந்தா. பாதி தூரத்துல விரல் நின்னுது.

"இங்க ஒரு கண்ணியை விட்டுட்டே."

பிரிச்சுக்கிட்டிருக்கேன்.

டிஸ்கி: கடல்ல தொலைஞ்சு போனாலும் நான் பின்னினதை அடையாளம் கண்டுபிடிச்சுடலாம். அவ்வளவு கண்ணி விட்டிருப்பேன் :-) உங்க வீட்டுல ஒரு பழைய ஸ்வெட்டர் இருந்தா, அந்த டிசைன் யார் முதுகுலேர்ந்து வந்ததுன்னு பின்னினவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வெச்சுடுங்க மக்களே.